சத்திரத்தை ஒப்படைத்த பிறகு



நல்ல சமாரியர் உவமையில் காயமுற்றவரைச் சத்திரக்காரரிடம் ஒப்படைத்த சமாரியர், திரும்பி வருவதாகச் சொல்லிச் செல்கிறார். பணம் கொடுத்ததோடு தம் பொறுப்பு முடிந்தது என அவர் எண்ணவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு கத்தோலிக்க மருத்துவமனைக்கு நேர்ந்ததைப் பார்க்கும்போது, இந்த வாக்குறுதியின் பொருள் நமக்கு விளங்குகிறது.

அயர்லாந்திலிருந்து குடியேறிய வணிகர் ஆண்ட்ரூ கார்னியின் கொடையால் 1863ஆம் ஆண்டு அங்கு கார்னி மருத்துவமனை உருவானது. பிறரன்புப் புதல்வியர் சபைச் சகோதரிகள் அதை நடத்தினர். பின்னாளில் அது பாஸ்டன் உயர்மறைமாவட்டத்தின் 'காரித்தாஸ் கிறிஸ்டி' மருத்துவக் குழுமத்தில் சேர்ந்தது. 2010ல் அக்குழுமத்தின் ஆறு மருத்துவமனைகளும் செர்பரஸ் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்திடம் விற்கப்பட்டன. குழுமத்தின் பெயரும் 'ஸ்டூவர்ட்' என மாறியது.

விற்றவர்களைக் குறைகூறுவது எளிது. ஆனால் அன்று கடன்சுமை அழுத்தியது. பழைய கட்டடங்களைச் சீரமைக்கப் பணம் தேவைப்பட்டது. ஊழியர்களின் ஓய்வூதிய நிதியில் பெரும் பற்றாக்குறை இருந்தது. இச்சுமைகளை வாங்கியவர்கள் ஏற்றனர். கத்தோலிக்க அடையாளத்தைக் காப்பதாகவும் ஒப்புக்கொண்டனர். மாநில அரசும் ஐந்து ஆண்டுகள் கண்காணித்தது.

அந்தக் கண்காணிப்பு 2015ல் முடிந்தது. அடுத்த ஆண்டே மருத்துவமனைகளின் நிலமும் கட்டடங்களும் சுமார் 120 கோடி டாலருக்கு ஒரு நில முதலீட்டு நிறுவனத்திடம் விற்கப்பட்டன. அதில் பெருந்தொகை முதலீட்டாளர்களுக்குச் சென்றது. நேற்றுவரை சொந்தமாயிருந்த கட்டடங்களுக்கு மருத்துவமனைகள் வாடகை கட்டலாயின. 2024 மே மாதம் ஸ்டூவர்ட் திவால் மனு கொடுத்தது. ஆகஸ்ட் 31ல் கார்னி மூடப்பட்டது. ஏழைகளும் குடியேறியவர்களும் மிகுந்த டார்செஸ்டர் பகுதி மக்கள் தங்கள் மருத்துவமனையை இழந்தனர். மருத்துவமனை வளாகங்களை நில முதலீட்டு நிறுவனங்களிடமிருந்து புதிதாகக் குத்தகைக்கு எடுப்பதற்கு 2025 ஜனவரியில் மாசச்சூசெட்ஸ் மாநிலம் சட்டத்தடை விதித்தது. கார்னிக்கு அது காலம் கடந்த உதவி.

வாசலில் சிலுவையும் உள்ளே சிற்றாலயமும் இருந்தால் கத்தோலிக்க அடையாளம் நிலைத்துவிடும் என நாம் எண்ணிவிடுகிறோம். நிலம் யார் கையில் இருக்கிறது, வருமானம் எங்கே போகிறது, ஏழை நோயாளிக்குப் படுக்கை தொடர்ந்து கிடைக்குமா என்பவையும் அந்த அடையாளத்தைச் சார்ந்தவையே.

நம் நாட்டிலும் சகோதரிகள் நடத்தும் மருத்துவமனைகள் பல உள்ளன. ஆள்பற்றாக்குறையாலும் செலவுகளாலும் ஒன்றை வேறு கைகளில் ஒப்படைக்கும் நிலை வந்தால், ஒப்படைப்பது தவறல்ல. ஆனால் ஒப்படைத்த பிறகு திரும்பிச் சென்று பார்க்கும் உரிமையை நாம் ஒப்பந்தத்தில் எழுதி வைப்போமா?