குலுங்கிய கார்! 1 கோடி டாலர் அபராதம்!

ஆஸ்திரேலியாவில் போர்டு கம்பெனியின் புதுக் கார்களை வாங்கியவர்கள் பலர் ஒரே மாதிரிப் புகாரோடு வந்தார்கள்.

கார் புறப்படும்போது குலுங்குகிறது. மெதுவாகப் போனால் உதறுகிறது. காலால் மிதித்தாலும் உடனே வேகம் பிடிப்பது இல்லை. சத்தமும் அதிகம். இதுதான் புகார்.

கம்பெனி சொன்ன பதில் என்ன தெரியுமா?

"கார் மேல் குற்றம் இல்லை. நீங்கள் ஓட்டும் முறைதான் காரணம்" என்று பலரிடம் சொல்லி விட்டார்கள்!

பணம் கொடுத்து வாங்கியவர், பழியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

கோர்ட்டில் வழக்கு

நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசாங்க அமைப்பு அங்கே உண்டு. அது போர்டு கம்பெனி மீது வழக்குப் போட்டது. ஓட்டுகிறவர் மேல் பழி போட்டதைக் கம்பெனி ஒப்புக்கொண்டது. கியர் பெட்டியில் கோளாறு உண்டு என்பது கம்பெனிக்கு முன்பே தெரியும் என்பதும் வெளியே வந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. "வேறு கார் தருகிறோம், மேற்கொண்டு பணம் கட்டுங்கள்" என்றார்கள். கோளாறு என்று திரும்பி வந்த கார்கள், வேறு ஆட்களுக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்கள் எல்லோருக்கும் அந்தக் கோளாறு பற்றிச் சொல்லவும் இல்லை!

2018 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அபராதம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர்.

இவ்வளவு பாடுபடுத்திய அந்தப் பெட்டி எப்படிப்பட்டது?

பெட்டி எதற்கு?

பாரம் ஏற்றிய வண்டியை மேட்டில் இழுக்கும் மாடு, மெதுவாக, பலமாக இழுக்கிறது. சமதரையில் அதே மாடு ஓட்டமாக ஓடுகிறது. காரின் எஞ்சினுக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. அது எப்போதும் வேகமாகச் சுற்றினால்தான் பலம் தரும். அந்தச் சுற்றை, நேரத்துக்குத் தக்கபடி பலமாகவோ வேகமாகவோ மாற்றிச் சக்கரத்துக்குக் கொடுப்பதுதான் கியர் பெட்டியின் வேலை.

இன்னொரு சங்கடமும் உண்டு. நிற்கும் காரின் எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சக்கரமோ சுற்றவில்லை. இரண்டையும் திடீரென்று இணைத்தால் எஞ்சின் அணைந்து போகும். ஆகவே நடுவில் 'கிளட்ச்' என்ற உராயும் தட்டை வைத்தார்கள். அதை இடது காலால் மெல்ல விட்டு, கையால் கியர் மாற்றி ஓட்டுவது பழைய முறை.

அந்தப் பழைய பெட்டிக்கு ஆயுள் அதிகம். தேய்வது கிளட்ச் தட்டுதான். அதை மாற்ற ஊர் மெக்கானிக்கே போதும். கைக்குப் பழகிய கியரை விட மனம் இல்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

தானாக மாறும் கியர்

காலுக்கு ஓய்வு கொடுக்கும் பெட்டி 1940-ம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் காரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதில் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே எண்ணெய் நின்றது. இரண்டு மின்விசிறிகளை எதிர் எதிரே வைத்து, ஒன்றை ஓடவிட்டால் அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? அதே தத்துவம். காற்றுக்குப் பதில் எண்ணெய்!

புறப்படும்போது தட்டுகள் உரசுவது இல்லை. ஆகவே நெரிசலில் நின்று நின்று போனாலும் இது பொறுத்துக்கொள்ளும். ஆனால் விலை அதிகம். பழைய பெட்டிகள் பெட்ரோலையும் கூடுதலாகக் குடித்தன. எண்ணெயைக் காலத்தில் மாற்றாவிட்டால் இதுவும் கெடும்.

பட்டையும் இரண்டு சக்கரங்களும் கொண்ட இன்னொரு வகை, 1958-ல் ஹாலந்து நாட்டு டாப் காரில் வந்தது. கியர் மாறுவதே தெரியாது. பாரம் இழுக்க ஏற்றது அல்ல.

இரட்டைக் கிளட்ச்

ஆஸ்திரேலியாவில் வம்பு செய்தது இரட்டைக் கிளட்ச் பெட்டி. ஒரு கிளட்ச், 1, 3, 5 கியர்களைப் பார்த்துக்கொள்ளும். மற்றது 2, 4, 6. ஒன்று வேலை செய்யும்போதே அடுத்த கியர் தயாராக இருக்கும். கண் இமைக்கும் நேரத்தில் மாறிவிடும். பெட்ரோலும் மிச்சம். நெடுஞ்சாலையில் இதற்கு ஈடு சொல்வது கடினம்.

நகரத்தில்தான் ஆபத்து. ஊர்ந்து செல்லும்போது கிளட்ச் பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும் உரசுகிறது. உரசினால் சூடு. எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் என்றால் அந்த எண்ணெய் சூட்டை வாங்கிக்கொள்ளும். விலையைக் குறைக்க, சிறிய கார்களில் உலர்ந்த கிளட்ச் வைத்தார்கள். சூடு போக வழி குறைவு. குலுக்கல் தொடங்கிவிடும்.

இது ஒரு கம்பெனியின் தொல்லை மட்டும் அல்ல. 2013-ல் சீனாவில், இரட்டைக் கிளட்ச் கோளாறு பற்றி அரசாங்க டெலிவிஷன் வெளிப்படுத்தியது. வோக்ஸ்வேகன் கம்பெனி 3 லட்சத்து 84 ஆயிரத்துக்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டி வந்தது.

இந்தியாவில்

இந்தியாவில் 2014-ல் மாருதி 'செலேரியோ' மூலம் ஒரு மலிவு வழி பிறந்தது. பெட்டி பழைய பெட்டிதான். கிளட்சை அழுத்துவதையும் கியரைத் தள்ளுவதையும் ஒரு சிறு எந்திரம் செய்கிறது. கியர் மாறும்போது தலை லேசாக முன்னே ஆடும். அது இதன் குணம். குறைந்த விலையில் இடது காலுக்கு ஓய்வு கிடைப்பதால், வாங்குகிறவர்கள் அந்த ஆட்டத்தைப் பெரிதாக நினைப்பது இல்லை.

மின்சாரக் கார்களில் இந்தத் தொல்லையே குறைவு. மோட்டார் நின்ற நிலையிலேயே முழுப் பலம் தரும். பெரும்பாலான கார்களுக்கு ஒரே கியர் போதும், கிளட்ச் வேண்டாம்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள், காலியான சாலையில் ஓட்டிப் பார்த்தால் மட்டும் போதாது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்து பார்க்க வேண்டும். குலுக்கல் இருந்தால் அங்கேதான் தெரியும்.

சென்னை அருகே மறைமலைநகரில் போர்டு கம்பெனி தயாரித்த 'ஈகோஸ்போர்ட்' காரிலும் முதலில் இரட்டைக் கிளட்ச் பெட்டி உண்டு. 2017-ல் அதைப் புதுப்பித்தபோது, அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு, பழைய எண்ணெய் வகைப் பெட்டியை வைத்தார்கள்.