வீட்டு நாயும் நம் கடமையும்

நாய் வளர்க்கும் வீடுகள் நம் குமரி மாவட்டத்தில் பலவுண்டு. தோப்பையும் தொழுவத்தையும் காப்பதற்கென முன்னோர் வளர்த்தவை பெரும்பாலும் நாட்டு நாய்களே. இன்றோ பொமரேனியன், லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு முதலிய அயல்நாட்டு இனங்களும் நம் முற்றங்களில் உலவுகின்றன. அவற்றைக் குளிப்பாட்டி, முடி கத்தரித்து, நகம் வெட்டி, காது துடைத்து விடுவதையே தொழிலாகக் கொண்ட நிலையங்களும் நகரங்களில் தோன்றியுள்ளன. "ஏழையின் பிள்ளைக்குத் தலைக்கு எண்ணெய் இல்லை, நாய்க்கு முடிதிருத்தகம் ஒரு கேடா?" என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே. ஆயினும் அதற்குரிய விடையை நாம் பொறுமையோடு ஆராய வேண்டும்.

பயிற்சி பெற்ற கை செய்வது அழகூட்டும் வேலை மட்டுமன்று. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் மாவட்டம் நம்முடையது. ஈரக்காற்றில் அடர்ந்த முடி எளிதில் உலர்வதில்லை. அது சிக்குப் பிடித்துத் தோலை இழுக்கிறது. அடியில் புண் உண்டாகிறது. உண்ணியும் தெள்ளும் குடியேறுகின்றன. உண்ணி குருதியை உறிஞ்சுவதோடு நில்லாது, காய்ச்சலையும் பரப்பி நாயின் உயிருக்கே உலை வைக்கும். வளைந்து வளர்ந்த நகம் பாதத்தில் குத்தி நடையைக் கெடுக்கும். அந்நகத்தினுள் இரத்தக்குழாய் ஓடுவதால், அறியாதவர் வெட்டினால் குருதி பெருகும். தொழில் தெரிந்தவரோ உடல் முழுவதையும் தடவிப் பார்க்கிறார். வீட்டார் கண்ணில் படாத கட்டியும் புண்ணும் தொடக்கத்திலேயே புலப்பட, கால்நடை மருத்துவரைக் காலத்தோடு நாட வழி பிறக்கிறது.

நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறுகளும் உண்டு. மனிதத் தோலுக்கென ஆக்கப்பட்ட ஷாம்பு நாயின் தோலுக்கு ஏற்றதன்று. கோடைக்காலம் என்று பொமரேனியனையும் ஜெர்மன் ஷெப்பர்டையும் மழித்து விடுவதும் தவறு. அவற்றின் இரட்டை அடுக்கு முடியே வெயிலைத் தடுக்கும் கூரையாகும்.

அப்படியானால் எல்லா நாய்க்கும் இச்செலவு வேண்டுமா? வேண்டுவதில்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் தமிழ்நாட்டு இனங்கள் குட்டை முடியுடையவை; நம் வெப்பத்திற்கு இசைந்தவை. வாரம் ஒருமுறை தூரிகையால் வாரி, உண்ணி பார்த்து, தேவைக்குக் குளிப்பாட்டினால் போதும். அதற்குப் பணம் வேண்டாம், மனம் வேண்டும். நீள்முடி நாயை விலைகொடுத்து வாங்குமுன், அதனைப் பேணும் நேரமும் வசதியும் நமக்கு உண்டா என்று குடும்பமாக அமர்ந்து சிந்திப்பது நன்று.

எதை விட்டாலும் வெறிநோய்த் தடுப்பூசியை விடலாகாது. உலகில் வெறிநோயால் இறப்போரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் இந்தியரே என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பளபளக்கக் குளிப்பாட்டிய நாய்க்குத் தடுப்பூசி இல்லையெனில் குழந்தையின் பாதுகாப்புக்கு அது என்ன பயன்? நாய் கடித்தால் காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மந்திரித்தலும் பச்சிலையும் வெறிநோயைத் தடுக்கமாட்டா.

தொடக்கத்தில் கண்ட வினாவுக்குத் திருச்சபையே விடை தருகிறது. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், விலங்குகளிடம் பரிவு காட்டுவது நம் கடன் என்கிறது. அவற்றைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே இழுக்கு என்கிறது. அதே பகுதியில், மனிதரின் துயர் துடைக்க முதலில் செல்லவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்று எச்சரிக்கிறது. இரண்டையும் ஒருசேரப் பிடிப்பதே கிறிஸ்தவ நெறி. தோபியாவின் நெடும்பயணத்தில் வானதூதரோடு நாயும் உடன் சென்றதை விவிலியம் மறவாது குறிக்கிறது. செல்வனின் வாயிலில் கிடந்த இலாசரின் புண்களை நக்கியவையும் நாய்களே. ஆனால் அச்செல்வன் தண்டனை பெற்றது வாயிலில் கிடந்த மனிதனை மறந்ததற்காக அன்றோ!

ஆகவே, இரவு பகலாகச் சங்கிலியில் கட்டிவைத்து, எஞ்சிய சோற்றை எறிந்துவிட்டு, "நாய் வளர்க்கிறோம்" என்று சொல்லாதிருப்போம். வளர்ப்பதாயின் பேணுவோம்; பேண இயலாதாயின் வளர்க்காதிருப்போம். உண்ணி எடுக்கும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கையுறையோடு கற்றுக் கொடுப்போம். வாய்பேசா உயிரின் வலியை உணரப் பழகும் பிள்ளை, நாளை அயலானின் வலியையும் உணரும். நிலையத்தில் நாய்க்கெனச் செலவிடும் நாளில், நம் பங்கின் ஏழைக் குடும்பம் ஒன்றையும் நினைவிற் கொள்வோம்.