கிரவுன் வாங்கும் முன் ஒரு வொர்க் ஷீட் போடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்களிடம் அதில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் பாட்டு, படம், பையனின் ஸ்கூல் ப்ராஜக்ட் என்றுதான் பதில் வருகிறது. எக்செல் போன்ற ஸ்ப்ரெட் ஷீட் புரோகிராமைத் திறந்து பார்த்ததுண்டா என்றால், "அது ஆபீஸ் கணக்குக்குத்தானே சார்" என்கிறார்கள். நான் இதை ஒப்புக் கொள்ள மாட்டேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் மிகவும் பயனுள்ள புரோகிராம் இதுதான் என்பது என் கருத்து. என்னை இந்தக் கருத்துக்குக் கொண்டு வந்தது ஒரு பழைய ஜீப்.

என் மச்சான் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறார். வாரம் இரண்டு முறை போடிமெட்டு வழியாக மலை ஏறி எஸ்டேட்டுக்குப் போக வேண்டும். மாதம் ஒரு முறை மதுரை. அவரிடம் இருந்தது சி.ஜே.3பி வகை மஹிந்திரா பெட்ரோல் ஜீப். அதன் 2.2 லிட்டர் ஹரிகேன் என்ஜின் குடித்த பெட்ரோலுக்குக் கட்டுப்படியாகாமல், 2012ல் ஒரு டீசல் என்ஜினை மாற்றினார். (என்ஜின் மாற்ற நினைப்பவர்கள் முதலில் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்குங்கள். என்ஜின் எண்ணும் எரிபொருள் வகையும் ஆர்.சி.யில் ஏற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதைப் பற்றியதுதான்.)

என்ஜின் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மதுரை ரோட்டில் 60ஐத் தாண்டினால் வண்டி கதறியது. காரணம் எளிது. பழைய பெட்ரோல் என்ஜின் நிமிடத்துக்கு 4000 சுற்று வரை போய்த் தன் முழு சக்தியைத் தரும். புதிய டீசலுக்கு 3200 சுற்றிலேயே எல்லாம் முடிந்துவிடும். பின்னால் இருந்த டிபரன்ஷியல் மட்டும் பெட்ரோல் என்ஜினுக்கு ஏற்ற அதே பழையது.

வண்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கியர் பாக்ஸில் இருந்து வரும் ஷாப்ட், பின் அச்சின் நடுவில் உள்ள உருண்டைக்குள் ஒரு சிறிய பல்சக்கரத்தில் முடிகிறது. அது பினியன். அது சுற்றும் பெரிய சக்கரம் கிரவுன். மச்சானின் ஜீப்பில் பினியனுக்கு 8 பல், கிரவுனுக்கு 43 பல். 43ஐ 8ஆல் வகுத்தால் ஏறத்தாழ 5.38. அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாப்ட் 5.38 முறை சுற்ற வேண்டும். இந்த எண் பெரிதாக இருந்தால் இழுவை அதிகம், வேகம் குறைவு. சிறிதாக இருந்தால் நேர் எதிர்.

ஒர்க் ஷாப்பில், "கிரவுனை மாத்திட்டா கார் மாதிரி ஓடும்" என்று சொல்லி, பழைய சாமான் கடையில் கிடைத்த 4.27 செட்டைப் பின் அச்சில் போட்டுக் கொடுத்தார்கள். முன் அச்சைத் தொடவில்லை. "போர் வீல் யார் சார் போடுறா?" என்றார்களாம்.

மச்சான் போட்டார். மழை நாளில், எஸ்டேட் மண் பாதையில், நான்கு ஆட்களும் மூட்டைகளும் ஏற்றிக் கொண்டு, ஒரு பக்கம் பள்ளம் இருந்த சரிவில் நான்கு சக்கரத்தையும் இணைத்தார். வண்டி ஏறுவதற்குப் பதில் முக்கியது. ஸ்டீயரிங் திருப்பிய பக்கம் போகவில்லை. ஆட்களை இறக்கி நடக்கவிட்டு, பின் சக்கரத்தை மட்டும் வைத்து அங்குலம் அங்குலமாகக் கீழே கொண்டு வந்தார். அன்று இரவு எனக்குப் போன். "என்ஜினுக்குத் தெம்பு இல்ல மாப்ள, பெட்ரோலையே திருப்பி ஏத்திடவா?"

"பொறுங்க மச்சான், நாளைக்குக் காலைல சில நம்பர் மட்டும் எடுத்துச் சொல்லுங்க" என்றேன்.

முதல் நம்பர் டயரின் சுற்றளவு. இணையத்தில் இதற்கான கால்குலேட்டர்கள் நிறைய இருக்கின்றன. நான் அவற்றை நம்புவதில்லை. டயரின் பெயரை வைத்து அளவைத் தாங்களாகவே ஊகித்துக் கொள்கின்றன. நம் டயர் தேய்ந்திருப்பதும், பாரத்தில் அமுங்குவதும் அவற்றுக்குத் தெரியாது. சாக்பீஸ் போதும். வழக்கமான பாரத்தை ஏற்றி, டயரிலும் தரையிலும் கோடு போட்டு, வண்டியை நேராகத் தள்ளி, ஐந்து சுற்று முடிந்த இடத்தில் மறுபடி கோடு போடுங்கள். இடைத் தூரத்தை 5ஆல் வகுத்தால் சுற்றளவு. மச்சானுக்கு வந்தது 2.20 மீட்டர்.

இரண்டாவது நம்பர் கிரவுன் ரேஷியோ. ஒர்க் ஷாப்காரர் சொன்னதை அப்படியே எடுத்துக் கொள்ளாமல் எண்ணிப் பார்க்கச் சொன்னேன். கியரை நியூட்ரலில் வைத்து, மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். தூக்கிய சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றி, ஷாப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் டிபரன்ஷியல் பாதி சுற்றைத்தான் ஷாப்டுக்குத் தரும். எனவேதான் இரண்டு சுற்று. ஒரு சுற்றிலேயே நிறுத்தினால் பாதி எண்ணிக்கைதான் வரும். பின் அச்சில் நாலேகால் சுற்று. முன் அச்சிலும் இதே போல் எண்ணியதில் ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவு. கோளாறு இங்கேயே தெரிந்துவிட்டது.

இனி கம்ப்யூட்டருக்கு வரலாம். எக்செல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக இறக்கிக் கொள்ளலாம். அதில் உள்ள கால்க் இதற்குத் தாராளமாகப் போதும். பி1 செல்லில் வேகம் 60, பி2ல் சுற்றளவு 2.2, பி3ல் கிரவுன் ரேஷியோ 5.38, பி4ல் கியர் ரேஷியோ 1 (டாப் கியர்) என டைப் செய்திடுங்கள். பி5ல் கீழ்க்கண்ட பார்முலா:

=பி1*1000/60/பி2*பி3*பி4

('பி' என்பதை ஆங்கில எழுத்தாகவே டைப் செய்ய வேண்டும்.) என்டர் தட்டினால் 2445 என்று வரும். 60 கி.மீ. வேகத்தில் என்ஜின் சுற்றும் சுற்று அது. இப்போது பி1ல் 80 என மாற்றுங்கள். 3261! என்ஜினின் எல்லையான 3200ஐத் தாண்டிவிட்டது. மதுரை ரோட்டில் கதறியது ஏன் என்று இப்போது புரிகிறதா?

புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. செல்லில் "60 கி.மீ." என்று அலகையும் சேர்த்து டைப் செய்தால் கம்ப்யூட்டர் அதைச் சொல்லாக எடுத்துக் கொண்டு பிழை காட்டும். எண்ணை மட்டும் கொடுங்கள். அடுத்து, பல் எண்ணிக்கையை 8-43 என்று அடித்தால் எக்செல் அதை ஆகஸ்ட் மாதத் தேதியாக மாற்றிவிடும். =43/8 என்று கொடுங்கள், ரேஷியோவே வந்துவிடும்.

பி3ல் ஒவ்வொரு கிரவுனாக மாற்றிப் பார்த்தோம். 70 கி.மீ. வேகத்தில் 5.38க்கு 2853 சுற்று, 4.88க்கு 2588, 4.27க்கு 2264. மதுரை ரோட்டை மட்டும் பார்த்தால் 4.27தான் ராஜா. ஒர்க் ஷாப்காரர் பார்த்ததும் அந்த ஒரு பக்கத்தைத்தான். நாங்கள் பக்கத்தில் இன்னொரு செல்லில் புதிய ரேஷியோவைப் பழையதால் வகுத்தோம். 4.27ஐ 5.38ஆல் வகுத்தால் 0.79. அதாவது எந்தக் கியரிலும் சக்கரத்தில் கிடைக்கும் இழுவையில் 21 சதவீதம் போய்விட்டது. 4.88 என்றால் இழப்பு 9 சதவீதம்தான்.

இதே 0.79தான் சரிவில் நடந்ததற்கும் பதில். நான்கு சக்கரத்தையும் இணைத்தால் முன், பின் ஷாப்டுகள் ஒரே வேகத்தில் சுற்றும். பின் சக்கரம் 100 சுற்று போகும்போது முன் சக்கரம் 79 சுற்றுதான் போகும். மீதியை டயர் மண்ணில் உரசித்தான் தீர்க்க வேண்டும். முன் சக்கரம் பிரேக் போட்டது போல் பிடித்துக் கொள்ளும். பாவம், என்ஜின் மேல் ஒரு குற்றமும் இல்லை. போர் வீல் வண்டியில் கிரவுனை மாற்றினால் இரண்டு அச்சிலும் மாற்ற வேண்டும். செலவு இரட்டிப்பு என்பதைக் கணக்கில் வைத்துத்தான் இந்த வேலையில் இறங்க வேண்டும்.

முன் அச்சுக்கும் 4.27 தேடிப் போட்டால் என்ன என்று மச்சான் கேட்டார். லோ லீவர் இருக்கிறதே, அது 2.46 மடங்கு இழுவை தருமே என்றார். கேள்வி நியாயம்தான். ஆனால் அந்த ஜீப்பில் முன் சக்கரத்தை இணைத்த பிறகே லோ லீவரைப் போட முடியும். காய்ந்த தார் ரோட்டில் நான்கு சக்கரத்தையும் இணைத்து ஓட்டக் கூடாது. போடிமெட்டு ரோடு தார் ரோடு. அங்கே கொண்டை ஊசி வளைவில் மூட்டையோடு நின்று கிளம்ப ஹையில் உள்ள முதல் கியர் ஒன்றுதான் துணை. அந்த மூன்று கியர் பாக்ஸில் அது 2.80. 4.27 போட்டால் கிளட்ச்சைத் தேய்த்துத்தான் கிளம்ப வேண்டும். மாதம் ஒரு நாள் மதுரைக்காக எட்டு நாள் மலையைப் பகைத்துக் கொள்வதா? 4.88தான் சரி என்று நான் அடித்துச் சொன்னேன். மதுரை ரோட்டில் 70ல் போனால் 3200க்கு இன்னும் 600 சுற்று மிச்சம் இருக்கிறது, போதாதா? சமவெளியில் மட்டும் ஓடும் வண்டியாக இருந்தால் நானே 4.27 என்றுதான் சொல்லியிருப்பேன்.

இரண்டு அச்சிலும் 4.88 ஏறியது. 4.27 செட் பாதி விலைக்குப் போனது.

ஒரு விஷயம் மட்டும் நானும் பிறகுதான் கவனித்தேன். இந்த ஜீப்பில் ஸ்பீடாமீட்டர் டிபரன்ஷியலுக்கு முன்பே கேபிள் எடுக்கிறது. கிரவுன் மாறியது அதற்குத் தெரியாது. உண்மையில் 60ல் போகும்போது அது 54 என்றுதான் காட்டும். அதே ஷீட்டில் இரண்டு வரிசை சேர்த்து, மீட்டர் காட்டுவது இது, உண்மை வேகம் இது என்று பிரிண்ட் எடுத்து டேஷ் போர்டில் ஒட்டிக் கொடுத்தேன்.

போன மாதம் மச்சான் மறுபடி போன் செய்தார். பெரிய டயர் ஒன்று பார்த்திருக்கிறாராம், சுற்றளவு 2.40 மீட்டர். "அந்த ஷீட்டுல போட்டுப் பாரு மாப்ள" என்றார். போட்டேன். கிரவுன் 4.88 அப்படியே இருந்தாலும் பழைய டயரில் 4.47 போட்டதற்குச் சமம் என்று வந்தது. மலைக்கு ஆகாது என்று அவரே சொல்லிவிட்டு, பழைய அளவிலேயே நான்கு டயர் வாங்கிக் கொண்டார்.