தோற்க முடியாத வலை

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் பத்துப் பேர் கூடியிருந்தோம். கட்டுரை வாசித்தவர் சொன்னார்: இலக்கியம் உடலின் தடுப்பாற்றலைப் போன்றது, தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் வலை, வெளியிலிருந்து எதுவும் அதற்குத் தேவையில்லை. சாட்சிக்கு நீல்ஸ் யெர்னேயை அழைத்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

யெர்னே 1974இல் முன்வைத்தது அழகான கருத்து என்பதில் சந்தேகமில்லை. கிருமியை இனங்காணும் ஆண்டிபாடி ஒவ்வொன்றையும் இனங்காண உடலுக்குள்ளேயே இன்னொரு ஆண்டிபாடி உண்டு. அதற்கும் ஒன்று உண்டு. ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும், கிருமியே வராதபோதும் ஒரு சமநிலை நிலவும். 1984இல் நோபல் பரிசு பெற்றபோது தம் உரைக்கு அவர் சாம்ஸ்கியின் ஆக்க இலக்கணத்திலிருந்து தலைப்பை எடுத்துக்கொண்டார். நம்மவர்கள் சொக்கிப்போக வேறென்ன வேண்டும்?

பிறகு நடந்தது கட்டுரையில் இல்லை. ஆண்டிபாடி பெருகினால் வலை தூண்டியது என்றார்கள். குறைந்தால் வலை அடக்கியது என்றார்கள். எது நடந்தாலும் தோற்காத கொள்கை எதையும் சொல்வதில்லை. ஆய்வாளர்கள் மெல்ல விலகிப்போனார்கள்.

அதே காலத்தில் இன்னொரு கொள்கை இருந்தது. தடுப்பாற்றலை அடக்கவென்றே தனி டி செல்கள் உண்டு என்றது அது. அதற்குரிய மரபணு எலியின் குரோமோசோமில் இன்ன இடத்தில் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டார்கள். 1983இல் அந்த இடத்தைத் துழாவிப் பார்த்தார்கள், மரபணு இல்லை. கொள்கையின் மானம் போயிற்று.

ஆனால் விழக்கூடியதாக இருந்ததால்தான் அதைத் திருத்தி எழுப்பவும் முடிந்தது. 1995இல் ஷிமோன் சகாகுச்சி, சிடி25 என்ற அடையாளம் தாங்கிய டி செல்களை நீக்கிவிட்டு, மீதியைத் தைமஸ் இல்லாத எலிகளுக்குச் செலுத்தினார். அவற்றின் உடல் தன் உறுப்புகளையே தாக்கியது. நீக்கியவற்றையும் சேர்த்துச் செலுத்தியபோது தாக்குதல் நின்றது. 2001இல் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டார்கள். அந்தச் செல்களை ஆள்வது அதுவே என்று 2003இல் தெரிந்தது. 2025இல் மூவருக்கும் நோபல் பரிசு. கண்ணாடிக்குள் கண்ணாடி பார்த்து வந்த வெற்றியல்ல இது.

இனி நம் வலை. திருச்சியில் ஒருவர் கவிதை எழுத, ஸ்ரீரங்கத்தில் ஒருவர் அதை விமர்சிக்க, விமர்சனத்தை மூன்றாமவர் மறுக்க, காவிரிப் பாலத்தின் இரு முனைகளுக்குள் நம் சமநிலை பத்திரமாக இருக்கிறது. புத்தகம் விற்காவிட்டால் சமூகத்தின் ரசனை கெட்டுவிட்டது. விற்றுவிட்டாலோ எழுதியவர் கெட்டுவிட்டார். புரியவில்லை என்கிற வாசகன் தயாராகவில்லை. புரிகிறது என்கிறவன் மேலோட்டமாகப் படித்தவன். நம் கொள்கையும் தோற்பதே இல்லை. இந்தத் தந்திரத்தை நானும் செய்திருக்கிறேன், அச்சிலேயே.

விஞ்ஞானத்திடம் இரவல் வாங்குவதானால் உவமையை மட்டும் வாங்காதீர்கள். அதன் ஆபத்தையும் வாங்குங்கள். அடுத்த கூட்டத்தில் வாசிப்பவர் தம் கருத்து எந்த இடத்தில் பொய்யாகும் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டு வரட்டும்.

என் வரி இது: நம் பத்துப் பேருக்கு வெளியேயிருந்து வந்த ஒரு வாசகனின் சொல்லுக்காக நம்மில் எவரேனும் ஒரு வாக்கியத்தைத் திருத்தியிருந்தால், அந்த வாக்கியத்தைக் காட்டுங்கள். இக்கட்டுரையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.