அயல்வேர் அறிவார், தம்வேர் அறியார்!

ஆங்கிலச் சொற்பெருக்கம் கற்பிக்கும் தனிப்பயிற்சி நிலையங்கள் இன்று நம் நகர்தோறும் பெருகியுள்ளன. நடுவணரசுப் பணித்தேர்வு, வைப்பகத் தேர்வு, அயல்நாட்டு மேற்படிப்புக்கான தேர்வு எனத் தேர்வு எதுவாயினும், அங்குப் பெரிதும் கையாளப்பெறுவது 'சொற்குடும்ப' முறை. ஒரு வேரைக் காட்டி, அதனின்று கிளைத்த பத்துச் சொற்களை ஒருங்கே உள்ளத்திற் பதிப்பர். இம்முறை நன்முறையே. நியூசிலாந்து ஆய்வாளர் ஏவ்ரில் காக்சுகெட் அம்மையார் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்வித்துறைச் சொற்பட்டியலும் 570 சொற்குடும்பங்களாகவே வகுக்கப்பட்டது. தமிழன் ஆங்கிலம் கற்பதை நாம் வெறுக்கவில்லை. ஆங்கிலத்திற்கு இத்தகைய பயிற்சி ஏன் தேவைப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்கவே வேண்டுகின்றோம்.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் அரசவையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு அமர்ந்தது. கல்வியில் இலத்தீன் ஓங்கியது. விளைவு என்ன? 'டூத்' என்னும் சொல்லை அறிந்த ஆங்கிலச் சிறுவனுக்கு, அதன் உரிச்சொல்லாகிய 'டென்டல்' அயலாயிற்று. 'மூன்' அறிந்தவனுக்கு 'லூனார்' தெரியாது. 'டாக்' அறிந்தவனுக்குக் 'கேனைன்' தெரியாது. பல் என்பதை அறிந்த தமிழ்க்குழந்தையோ, பல்மருத்துவர் எனக் கேட்ட அளவிலேயே பொருளுணரும். அதற்குத் தனிப்பயிற்சியும் வேண்டா, கட்டணமும் வேண்டா.

இக்கேட்டை உணர்ந்த ஆங்கிலேயரும் இருந்தனர். தார்செட்டுப் பாவலர் வில்லியம் பார்ன்சு 1878-இல் ஓர் ஆங்கில இலக்கண நூலை வெளியிட்டார். 'கிராமர்' என்னும் அயற்சொல்லை ஒதுக்கி, 'இசுபீச்கிராப்ட்' என்னும் தம்மொழிச் சொல்லையே நூற்பெயரில் அமைத்தார். இலத்தீனும் கிரேக்கமும் கல்லாத எளிய மக்களுக்கும் சொல் விளங்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் நாட்டார் செவிசாய்த்திலர். அதன் பயனையே இன்று தேர்வெழுதுவோர் உலகெங்கும் சுமக்கின்றனர்.

பயிற்சி நிலையங்களில் தவறாது கற்பிக்கப்பெறும் இலத்தீன் வேர் ஒன்றைக் காண்போம். கொள்ளுதல், பற்றுதல் எனப் பொருள்படுவது 'கேப்'. கெப்பாசிட்டி, கேப்சர், அக்செப்ட், கான்செப்ட், பார்ட்டிசிபேட், ரிசீவ் ஆகிய அனைத்தும் அதன் வழியின. வேர் ஓரிடத்தில் கேப், ஓரிடத்தில் செப்ட், பிறிதோரிடத்தில் சிப், மற்றோரிடத்தில் சீவ். இத்தனை உருமாற்றத்தையும் நம் இளைஞன் இரவு பகலாய் உருப்போடுகின்றான்.

அதே பொருளுடைய நம் வேர் 'கொள்'. கொள்கை, கொள்கலம், கொள்ளளவு, கொள்முதல், கொள்ளை, கோள், கோட்பாடு, குறிக்கோள், மேற்கோள், வேண்டுகோள் என அது தழைத்துள்ள தழைப்பைக் காண்மின்! கொள் என்பது கோள் என நீளும். புணர்ச்சியிற் கோட்பாடு என்றாகும். அவ்வளவே திரிபு. 'கேப்' வேரின் கிளைகளை ஒரே மூச்சில் ஒப்பிக்கும் இளைஞனிடம் 'கொள்' வேரின் கிளைகளைக் கேளுங்கள், விழிப்பான். குற்றம் அவனதன்று; அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை.

தமிழ்நாட்டு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பொதுத்தமிழ்ப் பகுதியில் வேர்ச்சொல் வினாக்கள் உள. மகிழ்ச்சியே. ஆயின் கொண்டான், கொண்டு, கொண்டவன், கொள்ளல் என வினைமுற்று, எச்சம், வினையாலணையும் பெயர், தொழிற்பெயர் ஆக்குவதோடு அப்பயிற்சி நின்றுவிடுகின்றது. கொள்கையும் கோட்பாடும் உடன்பிறப்புகள் என்னும் அறிவை அது தருவதில்லை.

இதனினும் பெரிய இழப்பொன்று உண்டு. கோளைக் 'கிரகம்' என்றோம். குறிக்கோளை 'இலட்சியம்' என்றோம். வேண்டுகோளை 'விண்ணப்பம்' என்றோம். கொள்ளளவைக் 'கெப்பாசிட்டி' என்கின்றோம். அயற்சொல் வரும்போது தன் சுற்றத்தை விட்டுத் தனியே வருகின்றது. வந்தபின் நம் சொல்லையும் அதன் சுற்றத்தினின்று பிரித்துவிடுகின்றது. ஒரு சொல் போனால் போகட்டும் என்பார் இதனை உணரார். போவது ஒரு சொல்லன்று. ஒரு வேரின் கிளை. கிளைகள் ஒவ்வொன்றாய் முறிய முறிய, நாளைய தமிழ்க்குழந்தைக்குத் தன் தாய்மொழியே உருப்போட்டுக் கற்கவேண்டிய மொழியாகிவிடும். மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தை வெறும் சொல்வெறி என இகழ்வோர், ஆங்கிலத்தின் இந்நிலையைக் கண்டேனும் தெளிக.

மொழிஞாயிறு பாவாணர் தம் வாழ்நாளெல்லாம் தமிழ்வேர்களை அகழ்ந்தெடுத்தார். 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராய்ப் பொறுப்பேற்று, 1981-இல் மறையும்வரை உழைத்தார். அவர் அகழ்ந்த செல்வம் பள்ளி வகுப்பறைக்கு வரவேண்டாவா?

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, திங்களுக்கு நான்கு வேர்கள் கற்பித்தாற் போதும். ஆண்டுக்குப் பத்துத் திங்கள் எனக் கொள்ளின், ஐந்தாண்டில் 200 வேர்கள். வேருக்குப் பத்துச் சொல்லெனின் 2,000 சொற்கள். அரசு செய்யும்வரை காத்திராது, தமிழாசிரியர் ஒவ்வொருவரும் தம் வகுப்பிலும், பெற்றோர் ஒவ்வொருவரும் தம் இல்லத்திலும் இன்றே தொடங்குக.

இலத்தீன் வேரைக் கற்கட்டும் நம் இளைஞர். அதற்குமுன் தாம் நிற்கும் வேரை அறியட்டும்!