பஸ் வந்தாலும் பாடம், வராவிட்டாலும் பாடம்!

சென்ற மாதத்தில் ஒரு நாள் காலை, வண்ணார்பேட்டை ரஸ்தாவில் ஒரு டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பல வருஷப் பழக்கமுள்ள ஒரு உபதேசியார் வந்து பக்கத்தில் அமர்ந்தார். நல்ல மனுஷர், கடன் வாங்கினால் சொன்ன தேதிக்குத் திருப்பிக் கொடுப்பவர். அவர் பையில் எப்போதும் ஒரு சிறு புஸ்தகம் இருக்கும். தினம் ஒரு பக்கம் வாசிப்பதற்கென்று அச்சிட்ட தியானப் புஸ்தகம் அது. ஊசியில் நூல் கோக்க முடியாவிட்டால் அதில் ஒரு விசுவாச பாடம். பால் பொங்கி அடுப்பை அணைத்தால் அதில் ஒரு பாடம். சாவி தொலைந்தால் ஒரு பாடம், கிடைத்தால் மற்றொரு பாடம். இப்படி வருஷம் முழுவதற்கும் இருக்கிறது.

"அண்ணாச்சி, நீங்க கடவுள் இல்லேன்னு சொல்லுதீக. அவர் தினமும் நம்மகூடப் பேசிக்கிட்டுத்தான் இருக்காரு. கேக்கதுக்குக் காதுதான் வேணும்" என்று ஆரம்பித்தார். முதல் நாள் அவர் வள்ளியூருக்குப் போகிற பஸ்ஸை ஒரு நிமிஷத்தில் தவற விட்டாராம். மனம் நொந்து நின்றாராம். சாயந்திரம் விசாரித்தால், அந்த பஸ் நாங்குநேரிக்கு அப்பால் பழுதாகி வெயிலில் நின்றதாம். "பாத்தீகளா? என்னை அந்தக் கஷ்டத்துல இருந்து காப்பாத்திட்டாரு" என்றார்.

நான் சில கேள்விகள் கேட்டேன்.

"உபதேசியாரய்யா, அந்த பஸ்ஸில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?"

"ஒரு அம்பது பேர் இருக்கும்."

"அதில் ஜெபம் பண்ணுகிறவர் ஒருவராவது இருந்திருக்க மாட்டாரா?"

"இருந்திருப்பாக. அவுகளுக்குப் பொறுமையைக் கத்துக் கொடுத்திருப்பாரு."

"சரி. நீங்கள் அதில் ஏறியிருந்து, பஸ் ஒரு பழுதும் இல்லாமல் போய்ச் சேர்ந்திருந்தால்?"

"பத்திரமாக் கொண்டு சேத்தாருன்னு ஸ்தோத்திரம் சொல்லியிருப்பேன்."

"நீங்கள் ஏறாமல், பஸ்ஸும் பழுதாகாமல் போயிருந்தால்?"

கொஞ்சம் யோசித்து, "அந்தத் தாமதத்துக்கும் ஒரு சித்தம் இருக்கும். பின்னால வெளங்கும்" என்றார்.

தோழர்களே! இதைக் கவனியுங்கள். ஏறினால் ஒன்று, ஏறாவிட்டால் ஒன்று, பழுதானால் ஒன்று, ஆகாவிட்டால் ஒன்று. நாலு விதமாக நடந்தாலும் முடிவு ஒன்றே. எந்தச் சாமானை வைத்தாலும் ஒரே எடையைக் காட்டுகிற தராசை நமது கடைத்தெருவில் எவனாவது தராசு என்று ஒப்புக்கொள்வானா? முள் செத்துப்போன தராசு என்றுதானே சொல்லுவான்? எது நடந்தாலும் ருசுவாகிற ஒரு விஷயம் எதனாலும் ருசுவாகவில்லை என்பதே அர்த்தம். தன் மடியிலிருந்த காசை மண்ணிலே போட்டுவிட்டு, பிறகு தோண்டி எடுத்து, "புதையல் கண்டேன்" என்று கூவுகிறவனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? பாடம் பஸ்ஸில் இல்லை. அவர் பையில் இருந்த புஸ்தகத்தில் முன்பே இருந்தது.

இதைப் படித்துவிட்டு நமது வைதிகர்கள் சிரிக்க வேண்டாம். பல்லி சொன்னால் பலன், பூனை குறுக்கே போனால் பலன், பிள்ளை பிழைத்தால் குலதெய்வம், செத்தால் பூர்வ ஜன்ம கர்மம் என்கிற சரக்கு எவ்விதத்திலும் உயர்ந்ததல்ல. நான் வருந்துவதெல்லாம், பல்லிப் பலனை அறியாமை என்று தள்ளிவிட்டு வேதத்தில் சேர்ந்தவர்கள், பஸ் பலனைப் பிடித்துக்கொண்டார்களே என்பதுதான்.

இந்த யுக்தி புதிதுமல்ல. இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே கிரேக்க தேசத்து நாஸ்திகன் டயாகோரஸைப் பற்றி, ரோமாபுரி சிசரோ ஒரு கதை எழுதி வைத்தான். கப்பல் சேதத்தில் தப்பினவர்கள் நேர்ந்துகொண்டு கோவிலில் மாட்டிய படங்களை டயாகோரஸுக்குக் காட்டி, "இத்தனை பேரைக் காப்பாற்றிய தெய்வங்களை இல்லை என்கிறாயே?" என்று ஒரு நண்பன் கேட்டானாம். அதற்கு அவன், "மூழ்கிப் போனவர்களின் படங்கள் எங்கே மாட்டியிருக்கின்றன?" என்று கேட்டானாம். இந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

2004ஆம் வருஷம் டிசம்பர் 26ஆம் தேதி, கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் வேளாங்கண்ணியில் என்ன நடந்தது? கடல் பொங்கி வந்தது. மாதா கோவிலுக்குள் தண்ணீர் புகவில்லை என்பதை அற்புதமென்று சொன்னார்கள். அந்த மாதாவைத் தேடி வந்து கடற்கரையில் நின்ற யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்களே, அது யாருடைய அற்புதம்? சுவருக்குக் காட்டிய தயவைப் பிள்ளைகுட்டிகளுக்குக் காட்டக் கூடாதா?

நமது சொந்தப் பக்கத்துக்கு வருவோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிற்று. தாமிரபரணி கரை புரண்டு, வண்ணார்பேட்டையிலும் கொக்கிரகுளத்திலும் வெள்ளம் புகுந்தது. கோவிலென்றும், மசூதியென்றும், சர்ச்சென்றும் அது பேதம் பார்க்கவில்லை. அந்த இரவில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. சுமார் 800 பேர் அதில் இருந்தார்கள். அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த சல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துப் போயிருந்தது. ரயில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதைத் தடுத்தது, தகவல் கிடைத்த உடனே ரயிலைப் பிடித்து நிறுத்திய ஸ்டேஷன் மாஸ்டர். பயணிகளுக்குச் சோறாக்கிப் போட்டது, தாங்களே வெள்ளத்தில் தவித்த பக்கத்துக் கிராமத்து ஜனங்கள். "கடவுள் காப்பாற்றினார்" என்று சொல்வோமானால், கொட்டும் மழையில் விழித்திருந்த மனுஷனின் கூலியைத் திருடி, மழையைக் கொட்டினவருக்குக் கொடுத்தவர்கள் ஆவோம்.

நிற்க, இதெல்லாம் வெறும் தர்க்கம், இதனால் யாருக்கு என்ன நஷ்டம், ஏதோ மனசுக்கு ஆறுதல் என்று இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சிலர் கேட்கலாம். நஷ்டத்தைச் சொல்லுகிறேன்.

அந்த வெள்ளம் வடிந்த பிறகு, எங்கள் பக்கத்தில் துணி தேய்த்துப் பிழைக்கிற ஒரு தாயின் ஒன்பது வயதுப் பையன், ஈரம் காயாத ஒரு மின்சாரக் கம்பத்தில் கை வைத்து அந்த இடத்திலேயே செத்தான். அடக்கத்தில் பிரசங்கம் செய்தவர், தோட்டக்காரன் தன் தோட்டத்திலே நல்ல பூவைப் பறித்துக்கொண்டான் என்றார். வீட்டுக்கு வந்த ஜெபக் கூட்டத்தார் இன்னும் ஒரு படி மேலே போய், கொஞ்ச நாளாகக் கோவிலுக்கு வராமல் இருந்த தாயைத் திருப்புவதற்குக் கர்த்தர் கொடுத்த பாடம் இது என்றார்கள். மூன்றாம் நாள் அந்த அம்மாள் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, நான் ஞாயித்துக்கெழம வேலைக்குப் போனதுக்கா எம் பிள்ளைய எடுத்துக்கிட்டாரு?" என்று கேட்டாள்.

தாய்க்குப் பாடம் சொல்லப் பிள்ளையைக் கொல்லுகிற ஒரு வாத்தியாரை எந்தப் பள்ளிக்கூடத்தில் வைத்திருப்பீர்கள்? இதுவா ஆறுதல்? பிள்ளையை இழந்தவளின் தலையில் கொலைப் பழியையும் சேர்த்து ஏற்றுவதா ஆறுதல்?

அவர்கள் மதிக்கிற லூக்காவின் புஸ்தகத்திலேயே, சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்த சங்கதி வருகிறது. அவர்கள் மற்றவர்களைவிட அதிகப் பாவிகளோ என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொல்லுகிறார். அடுத்தபடியாக அவரும் அதை ஒரு எச்சரிக்கையாகத் திருப்பிவிட்டார் என்பது வேறு விஷயம். அந்த முதல் பாதியையாவது நம்மூர் ஜெபக் கூட்டத்தார் வாசித்திருக்கக் கூடாதா? அந்தக் கோபுரத்தின் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், கட்டின கொத்தன் யார் என்று ஒருவரும் கேட்டதாக அதில் காணோம். நஷ்டம் அங்கேதான் இருக்கிறது. "இதில் கடவுள் என்ன சொல்லுகிறார்?" என்று கேட்கிறவன், "இது எதனால் நடந்தது?" என்று கேட்கவே மறந்துவிடுகிறான். பூவைப் பறித்தது தோட்டக்காரன் என்று முடிவு கட்டிவிட்டால், கம்பத்தைப் பழுது பார்க்கச் சொல்லி மனு எழுத யார் போவார்கள்?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இவர்கள் அன்றாட அனுபவத்தில் பாடம் தேடுகிறார்களே, எல்லா அனுபவத்திலும் தேடினார்களா? நம் திருநெல்வேலியில் 1774இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் பெரிய புலவர். சூரியனைப் பூமி சுற்றுகிறது என்ற கோபர்னிக்கஸின் கணக்கைக்கூடத் தம் பெத்லகேம் குறவஞ்சிக்குள்ளே கொண்டுவந்தவர். அந்தத் தைரியத்தை நாம் மெச்சுகிறோம். ஆனால் ஆகாயத்துக் கிரகங்களில் உண்மையைப் பார்த்த அதே சாஸ்திரியார், 1829இல் சபைக்குள் ஜாதி ஆசாரத்தைக் காப்பாற்ற வாதாடி எழுதினார். வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த மாதா கோவிலோ, ஒரு பீடத்துக்கு இரண்டு கால் வைத்த நிஜார் மாதிரி கட்டப்பட்டது. ஒரு பக்கம் வேளாளருக்கு, மறு பக்கம் நாடாருக்கு, நடுவே தடுப்பு. ஊசியிலும் நூலிலும் கர்த்தரின் குரலைக் கேட்டவர்கள், ஞாயிற்றுக்கிழமைதோறும் கண்ணெதிரே நின்ற அந்தத் தடுப்பில் ஒரு பாடத்தையும் காணவில்லை. 1910இல் அதை இடித்தபோது, எங்கள் உரிமை போயிற்று என்று வழக்குப் போட்டுச் சென்னை ஐக்கோர்ட்டு வரை போனார்கள். கோர்ட்டு அதற்கு இடங்கொடுக்கவில்லை. இன்றும் ஜாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிற ஊர்கள் இல்லையா? வெளுக்கிறவன் துணியை வெளுப்பது போல் ஆண்டவர் ஆத்துமாவை வெளுக்கிறார் என்று பிரசங்கிக்க மட்டும் வண்ணான் வேண்டும். அவன் பிணத்தை உங்கள் பாட்டனார் பக்கத்தில் புதைக்கக் கேட்டால், அப்போது தெரியும் நீங்கள் படித்த பாடம்.

பாதிரிமார்கள் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடங்கள் வைத்ததையும், காது கேளாத பிள்ளைகளுக்கும் கண் தெரியாத பிள்ளைகளுக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்ததையும் நாம் மறைக்கவில்லை. அவை நல்ல காரியங்கள். ஆனால் அவை நடந்தது, செவிடாய்ப் பிறந்ததில் ஒரு பாடம் இருக்கிறதென்று சும்மா இருந்ததனாலா? இதற்கு ஒரு வழி செய்ய வேண்டுமென்று மனுஷர் கை வைத்ததனாலா?

வண்ணார்பேட்டைக்காரர்கள் வாசலிலேயே பாடம் நிற்கிறது. ஒரு காலத்தில் இங்கே ஆற்றைக் கடக்கப் படகுதான். வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. ஆற்றைப் பார்த்து, "வாழ்க்கை ஒரு நதி, கரை சேர்ப்பவர் அவரே" என்று எத்தனையோ பேர் பாடியிருப்பார்கள். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார், தன் குடும்பச் சொத்தைக் கொடுத்துப் பாலம் கட்டச் செய்தார். 1843இல் பாலம் திறந்தது. ஆற்றில் பாடம் கண்டவர்கள் கரையிலேயே நின்றார்கள். ஆற்றை அளந்தவர்கள் நம்மை அக்கரை சேர்த்தார்கள். இன்றைக்கும் உபதேசியாரும் நானும் அதன்மேல்தான் போய் வருகிறோம்.

கடைசியாக ஒன்று. அந்தப் பையன் செத்த வாரத்தில் நாங்கள் நாலைந்து பேர் மனு எழுதி, தெருவெல்லாம் கையெழுத்து வாங்கி, மூன்று தடவை அலைந்த பிறகு, கம்பத்தை மாற்றினார்கள். அந்த மனுவில் முதல் கையெழுத்து யாருடையது தெரியுமா? இந்த உபதேசியாருடையதுதான். அன்று அவர் தியானப் புஸ்தகத்தைத் திறக்கவில்லை, பேனாவைத் திறந்தார். மனுஷர் தம் புஸ்தகத்தைவிட நல்லவர் என்பதை அன்று நான் கண்டேன். டீக்கடையில் அதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். பதில் சொல்லாமல் இரண்டு டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார்.

ஆகவே தோழர்களே! அனுபவத்திலிருந்து பாடம் படிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தாராளமாகப் படியுங்கள். ஆனால், விடையை முதலில் எழுதிக்கொண்டு கணக்குப் போடாதீர்கள். தப்பினவனை எண்ணும்போது செத்தவனையும் சேர்த்து எண்ணுங்கள். ஒரு கஷ்டம் வந்தால், யார் அனுப்பினார் என்று கேட்காமல், எதனால் வந்தது, மறுபடி வராமலிருக்க என்ன செய்வது என்று கேளுங்கள். அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு நாம் சொல்லக்கூடிய யோக்கியமான பதில் ஒன்றே. "இல்லை, அம்மா. உன்மேல் குற்றம் இல்லை. கம்பத்தில் இருந்தது குற்றம்."