எல்லை கடந்து வரும் கூலிக்கு வரி இல்லை

வெளிநாட்டில் உழைத்த பணம் வங்கி வழியாக வந்தால் அரசாங்கம் அதில் வரி பிடித்துக்கொள்ளும், உண்டியலில் வந்தால் முழுப் பணமும் வீடு சேரும் என்னும் எண்ணம், ஆந்திர எல்லையை ஒட்டிய ஆர்.கே.பேட்டை போன்ற விசைத்தறி ஊர்களிலிருந்து தென்கோடிக் கடற்கரை ஊர்கள் வரை தமிழ்நாடெங்கும் வேரூன்றியிருக்கிறது. திருத்தணி மலைக்கோயிலின் உண்டியலை மட்டுமே அறிந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியிருக்கும். துபாயிலோ சிங்கப்பூரிலோ ஒருவரிடம் திர்ஹாமாகவோ வெள்ளியாகவோ கொடுத்த தொகைக்கு ஈடான ரூபாயை, அவருடைய ஆள் ஊரில் வீட்டுக்கே வந்து ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் போகும் ஏற்பாட்டுக்கு வெளிநாட்டுத் தமிழர் வழங்கும் பெயர் அது. செய்தித்தாள்கள் ஹவாலா என்று எழுதுவதும் இதையே. மேற்சொன்ன எண்ணம் உண்மையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறது. வெளிநாட்டில் வாழ்ந்து ஈட்டிய கூலி வங்கி வழியே வரும்போது அதற்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. ரொக்கமாக வரும் பணத்துக்குத்தான் வரியும் அபராதமும் காத்திருக்கின்றன.

இப்படியொரு எண்ணம் எல்லைப்புற மக்களிடம் வேர்பிடித்ததில் வியப்பில்லை. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு மாறியது, ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலன் அது. அதற்குப் பின்னர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக, மாநில எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு சரக்கு வண்டியும் விற்பனை வரிச் சோதனைச் சாவடியில் நின்று சீட்டுக் காட்டிவிட்டே நகர்ந்தது. நூல் கட்டும் நெய்த துணியும் நகரி, சித்தூர்ப் பக்கம் போகவும் வரவும் வேண்டிய ஊர்களில், எல்லை என்றாலே வரி என்பது பழக்கத்தால் வந்த அறிவாகிவிட்டது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி எனப்படும் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் அந்தச் சாவடிகள் எடுக்கப்பட்டன. ஆனால் சாவடி கற்றுக்கொடுத்த பாடம் மனத்தை விட்டு நீங்கவில்லை. விமான நிலையத்துச் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து தங்கத்தை நிறுத்துப் பார்ப்பதும் அதே பாடத்தை உறுதிப்படுத்துகிறது. சரக்கு எல்லையைக் கடந்தால் அதன் மேல் வரி விழலாம் என்பது மெய்தான். வருமான வரியோ எல்லையைப் பார்ப்பதில்லை. ஒருவர் அந்த ஆண்டில் எங்கே வாழ்ந்தார், அவருடைய வருமானம் எங்கே விளைந்தது என்னும் இரண்டு கேள்விகளையே அது கேட்கிறது.

முதல் கேள்விக்கு விடை நாட்கணக்கில் இருக்கிறது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் தங்கியவர், வரிச் சட்டத்தின் பார்வையில் இந்தியாவில் வசிப்பவர். 60 நாள் தங்கியிருந்து, அதற்கு முந்தைய நான்காண்டுகளில் மொத்தம் 365 நாள் இருந்தவரும் வசிப்பவர் ஆவார் என்று இன்னொரு விதி இருந்தாலும், வேலைக்காக வெளிநாடு கிளம்பும் இந்தியக் குடிமகனுக்கு அந்த 60 நாள் 182 நாளாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. விடுமுறைக்கு ஊர் வந்து போகிறவருக்கும் அதே சலுகை உண்டு. இந்தியாவில் விளையும் வருமானம் ஆண்டுக்கு 15 லட்சத்தைத் தாண்டுகிறவருக்கு மட்டும் 2020-ல் அது 120 நாளாகக் குறைக்கப்பட்டது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் இந்த நாட்கணக்கையே வைத்திருக்கிறது. கடவுச்சீட்டின் நிறத்துக்கும் இந்தக் கணக்குக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. குடியுரிமை ஒன்றையே காரணமாக்கி உலகின் எந்த மூலையில் ஈட்டிய வருமானத்துக்கும் வரி கேட்கும் அமெரிக்கா போன்ற நாடுகள் மிகச் சில.

புறப்படும் மாதத்தில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. அதைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை. செப்டம்பர் 28-க்குள் கிளம்பிய தொழிலாளி அந்த ஆண்டில் 181 நாளே இந்தியாவில் இருந்தவர், ஆகவே வசிக்காதவர். டிசம்பரில் கிளம்பியவரோ அந்த ஆண்டு முழுவதற்கும் வசிப்பவராகவே கருதப்படுவார், ஜனவரி முதல் மார்ச் வரை அவர் வளைகுடாவில் வாங்கிய சம்பளமும் இந்தியக் கணக்கில் சேரும். அப்போதும் அஞ்சுவதற்கு அதிகமில்லை. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில், வசிப்பவரின் சம்பளம் போன்ற வழக்கமான வருமானம் 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வரி முழுவதும் தள்ளுபடியாகிவிடுகிறது. தறிப் பட்டறையை விட்டுக் கட்டட வேலைக்குப் போனவருடைய முதல் மூன்று மாதச் சம்பளம் அந்த வரம்பைத் தொடுவது அரிது.

அரைகுறையாகச் சட்டம் படித்தவர்கள் இங்கே ஒரு தடை எழுப்புவதுண்டு. இந்தியாவில் பெறப்படும் வருமானத்துக்கு, வசிக்காதவரும் வரி கட்ட வேண்டும் என்று சட்டமே சொல்கிறதே என்பார்கள். சட்டம் அப்படிச் சொல்வது உண்மை. ஆனால் பெறுதல் என்பது அந்தப் பணம் முதன்முதலில் உழைத்தவர் கைக்கு வந்த இடத்தையே குறிக்கும். ரியாத்திலோ மஸ்கட்டிலோ உள்ள வங்கிக் கணக்கில் சம்பளம் விழுந்த நொடியில் பெறுதல் முடிந்துவிட்டது, அங்கிருந்து ஆர்.கே.பேட்டைக்கு அவர் அனுப்புவது வருமானமன்று, ஏற்கெனவே அவருடையதாகிவிட்ட சேமிப்பின் இடமாற்றமே. வெளிநாட்டுக் கப்பலில் வேலை செய்யும் வசிக்காத மாலுமிகளின் நிலை இதைவிடக் கடினமானது, ஏனெனில் அவர்கள் சம்பளம் நேராக இந்திய வங்கியின் என்ஆர்இ கணக்கில், அதாவது வெளிநாடுவாழ் இந்தியர் தம் அன்னிய வருவாயை ரூபாயாக வைக்கும் கணக்கில், வரவாகிறது. அந்தச் சம்பளத்தையும், என்ஆர்இ கணக்கில் விழுந்தது என்பதை மட்டும் காரணமாக்கி வருமானத்தில் சேர்க்கக் கூடாது என்று நேரடி வரிகள் மத்திய வாரியம் 2017 ஏப்ரலில் சுற்றறிக்கை விடுத்தது. அந்தக் கணக்கில் சேரும் வட்டிக்கும் வரிவிலக்கு இருக்கிறது.

மனைவி பெயருக்கோ தாய் தந்தையர் பெயருக்கோ அனுப்பினால் அவர்களுக்கு வரி வரும் என்பதும் வீண் பயமே. 1958-ஆம் ஆண்டின் அன்பளிப்பு வரிச் சட்டத்தின் கீழ் 1998 அக்டோபர் முதல் எந்த அன்பளிப்புக்கும் வரி இல்லை. இப்போதைய சட்டம் உறவினர் அல்லாதவரிடமிருந்து ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் இலவசமாகப் பெறும் பணத்தையே வருமானமாக எண்ணுகிறது. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் கொடுப்பதற்கு வரம்பே இல்லை. உள்ளபடி ஆபத்தைத் தேடிக்கொள்கிறவர்கள், வரிக்கு அஞ்சி அடுத்த வீட்டுக்காரர் கணக்குக்கோ நண்பர் கணக்குக்கோ பணத்தைத் திருப்பிவிடுகிறவர்களே.

அப்படியானால் அனுப்பிய தொகை ஏன் குறைந்து வருகிறது என்று கேட்கலாம்; நியாயமான கேள்வி. வெளிநாட்டுப் பணத்தை ரூபாயாக்கும் சேவைக்கு ஜிஎஸ்டி உண்டு. ஆனால் அது பணத்தின் மேல் அன்று, மாற்றித் தரும் வேலைக்குச் சட்டம் வைத்திருக்கும் மதிப்பின் மேல். ஒரு லட்சம் ரூபாய் வரை அந்த மதிப்பு மாற்றப்படும் தொகையில் 1 விழுக்காடு, குறைந்தது 250 ரூபாய். அதன் மேல் 18 விழுக்காடு வரி. 50,000 ரூபாய்க்கு நாணய மாற்றம் இங்கே நடந்தால் மதிப்பு 500 ரூபாய், வரி 90 ரூபாய். மாதந்தோறும் அனுப்பினாலும் ஆண்டு முழுவதற்கும் 1,080 ரூபாயே ஆகிறது. பணத்தைத் தின்பது இது அன்று. சந்தை விலைக்கும் வங்கியோ பரிமாற்ற நிறுவனமோ கொடுக்கும் விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசமே அதைத் தின்கிறது. திர்ஹாமுக்குப் பத்துக் காசு குறைத்துக் கொடுத்துவிட்டுக் கட்டணமே இல்லை என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்களின் லாபத்தை, வீட்டில் இருப்பவர்கள் அரசாங்கத்தின் வரி என்று எழுதிக்கொள்கிறார்கள். கோபம் நியாயமானது, அது போய்ச் சேரும் முகவரிதான் தவறு.

வதந்திகளும் தம் பங்கைச் செய்திருக்கின்றன. 2012 ஜூலையில் சேவை வரி முறை மாறியபோது, வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு 12.36 விழுக்காடு வரி என்று செய்தி பரவியது. அதே மாதம் நிதியமைச்சகம் அனுப்பப்படும் தொகைக்கு அப்படி வரி ஏதுமில்லை என்று சுற்றறிக்கை வெளியிட்டது. செய்தி பரவிய அளவுக்கு மறுப்பு பரவவில்லை. 2020 அக்டோபரில் வந்த மூலத்தில் வரி வசூல் என்னும் விதி, இந்தியாவிலிருந்து வெளியே அனுப்பப்படும் பணத்துக்கே உரியது. அதுவும் பின்னர் வருமான வரியில் கழித்துக்கொள்ளக்கூடிய முன்பணம். அமெரிக்கா 2026 ஜனவரி முதல் விதித்த 1 விழுக்காடு வரி, அங்கே ரொக்கமாகக் கொடுத்து அனுப்பும் பணத்தையும் அதை ஒத்த வழிகளையும் மட்டுமே தொடுகிறது. அங்குள்ள வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் அந்த வரி இல்லை. இவை எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்து, வங்கியில் வந்தால் வரி என்று ஒரே வாக்கியமாக்கிவிட்டார்கள்.

உண்டியலுக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது என்பதையும் மறைக்கலாகாது. அன்னியச் செலாவணிக்கு அரசு ஒரு விலையும் சந்தை வேறு விலையும் வைத்திருந்த ஆண்டுகளில், வங்கிக்குப் போனவர் உண்மையிலேயே இழந்தார். 1992 மார்ச்சில் கொண்டுவரப்பட்ட இரட்டை விலை முறையில் வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தின் 60 விழுக்காடு சந்தை விலையிலும் 40 விழுக்காடு குறைந்த அரசு விலையிலும் மாற்றப்பட்டது. அந்த 40 விழுக்காட்டில் அடங்கிய இழப்பு பெயரில்லாத வரியாகவே இருந்தது. 1993 மார்ச்சில் இரு விலைகளும் ஒன்றாயின. தந்தையர் அனுபவத்தில் மெய்யாக இருந்த ஒன்று, காரணம் மறைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், பிள்ளைகளின் வாயில் பழமொழியைப் போல வாழ்கிறது.

இன்றைய நிலையில் அந்தப் பழமொழியின் விலை மிகப் பெரிது. பெமா என்று சுருக்கி வழங்கப்படும் 1999-ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், அனுமதி பெற்ற வங்கியோ நிறுவனமோ இல்லாமல் வெளிநாட்டில் இருப்பவர் சார்பில் எவரும் பணம் பெறலாகாது என்கிறது. குற்றம் கொண்டுவந்து கொடுத்த ஆளோடு நிற்பதில்லை. வாசலில் நின்று வாங்கிய மனைவியும் தாயும் அதில் சேர்கிறார்கள். அபராதம் தொகையின் மூன்று மடங்கு வரை போகலாம். ஒரே நாளில் ஒருவரிடம் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வருமான வரிச் சட்டப்படி வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் உண்டு. எல்லாவற்றிலும் கொடியது, விளக்கம் காட்ட முடியாத பணத்துக்கான வரி. பணமதிப்பிழப்பை ஒட்டி 2016 டிசம்பரில் உயர்த்தப்பட்டபோது அது 60 விழுக்காடு, கூடுதல் வரியும் மேல்வரியும் சேர்ந்து ஏறத்தாழ 77 விழுக்காடு. பத்தாண்டு வெயிலில் உழைத்துத் திரும்பிய ஒருவர் நிலம் வாங்கித் தறிக் கொட்டகை கட்டி நான்கு விசைத்தறி போடும்போது பணம் எங்கிருந்து வந்தது என்று கேள்வி வந்தால், வங்கி வழி அனுப்பியவர் பாஸ்புத்தகத்தைக் காட்டிவிட்டுப் போகலாம். உண்டியலில் அனுப்பியவரிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இராது. அவர் உழைத்தது உண்மை, வரி தேவையில்லாத பணம் என்பதும் உண்மை; ஆனால் அதைச் சொல்ல அவரிடம் எந்தச் சாட்சியும் இல்லை. உண்டியல்காரர் ரொக்கத்துக்குப் பதில் முகமறியாத ஒருவர் கணக்கிலிருந்து பணத்தைப் போட்டுவிட்டு, அது இணைய மோசடியில் பறிபோன பணமாக இருந்துவிட்டால், வாங்கியவரின் கணக்கே முடக்கப்படும்.

வெளிநாட்டில் இருப்பவருக்கு இந்தியாவில் வரியே கிடையாது என்னும் எதிர்ப்பக்க நம்பிக்கையும் பிழையானது என்பதைச் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும். ஊரில் உள்ள வீட்டின் வாடகைக்கும், விற்ற மனையின் லாபத்துக்கும், உள்ளூர் வருமானத்தை வைக்கும் என்ஆர்ஓ கணக்கின் வட்டிக்கும் அவர் வரி கட்ட வேண்டும்.

ரிசர்வ் வங்கியின் ஆய்வுப்படி 2023-24-ல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தில் 10.4 விழுக்காடு தமிழ்நாட்டுக்கு வந்தது. மகாராஷ்டிரமும் கேரளமும் மட்டுமே இதைவிட அதிகம் பெற்றன. இத்தனை பெரிய உழைப்பின் பலன் ஒரு தவறான வாக்கியத்தால் சட்டத்துக்கு வெளியே தள்ளப்படுவதை, அந்தப் பணத்தை வரவு வைக்கும் வங்கிகளே பார்த்துக்கொண்டிருப்பது பொறுக்கத்தக்கதன்று. ஆர்.கே.பேட்டையிலும் பள்ளிப்பட்டிலும் சோளிங்கரிலும் உள்ள ஒவ்வொரு வங்கிக் கிளையும், வெளிநாட்டில் வசித்து உழைத்து ஈட்டிய சம்பளத்தை வங்கி வழியே அனுப்பினால் அதற்கு இந்தியாவில் வருமான வரி இல்லை என்னும் ஒரு வரியை, அந்த வட்டாரம் பேசும் தமிழிலும் தெலுங்கிலும், அன்றைய நாணய மாற்று விலையோடு சேர்த்து வாசலில் எழுதி வைக்க வேண்டும்.